தெருவடைச்சான் பந்தல்

லாரியின் பின்கதவைத் திறந்து தொங்கவிட்ட பிறகும் யாரும் இறங்கவில்லை. மண்சாலையில் எழுந்த புழுதி அடங்கிவிட்டது. எஞ்சின் நின்றுவிட்டது. மூட்டைகளுக்கும் பாத்திரங்களுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் பார்க்கவே இல்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் வாசலில் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரங்கள், உச்சியில் சிவப்பும் வெள்ளையுமாக மடிப்பு மடிப்பாகத் துணி, உள்ளே நடுநாயகமாக ஜிகினா ஒட்டிய மணமேடை. இலங்கையிலிருந்து தோணியில் உயிர் தப்பி வந்து, மண்டபம் முகாமில் பதிவு முடிந்து, தங்க இடம் தருகிறோம் என்று அரசாங்கம் ஏற்றி அனுப்பிய மனிதர்களுக்கு நாங்கள் காட்டிய இடம் அது.

அந்தப் பந்தல் அங்கே வந்ததற்கு முழுக் காரணம் எங்கள் அலுவலகத்துத் துணை தாசில்தார். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால், எண்பதுகளின் நடுவில் நான் அங்கே தற்காலிகத் தட்டச்சராக இருந்தேன். மகளுக்கு அப்போது ஆறாவது மாதம். காலையில் பால் கொடுத்துவிட்டு, அத்தையிடம் விட்டுவிட்டு, கிளம்பும்போதே மனசு வீட்டுக்குத் திரும்பிவிடும். வெந்நீர் ஆறிவிட்டதா, தூளியின் முடிச்சு சரியாக இருக்கிறதா என்று பஸ்ஸில் உட்கார்ந்து கவலைப்படுவேன். அலுவலகத்தில் கவலைப்பட எதுவும் இருக்காது. அங்கே எதுவும் அவசரமாக நடந்ததில்லை. துணை தாசில்தார் அதிர்ந்து பேசாத மனிதர். வந்த கோப்பை இரண்டு முறை படிப்பார், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், மூன்றாம் முறை படிப்பார். அதற்குள் டீ வந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை அந்தத் தொலைபேசி வந்தது. தாசில்தார் பயிற்சிக்காகச் சென்னை போயிருந்தார். பொறுப்பு துணை தாசில்தாரிடம். அவர் சொல்லச் சொல்ல நான்தான் குறித்துக்கொண்டேன். அகதிக் குடும்பங்கள் புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் வந்து சேரும். கீழக்குயில்குடிக்கு அப்பால், சமணர் மலையைப் பார்த்தபடி நிற்கும் பழைய கிடங்கில் அவர்களைக் குடியமர்த்த வேண்டும். கூடவே வரும் அதிகாரி இடத்தைப் பார்ப்பார். கூரை இல்லையென்றால் லாரிகள் நிற்காது, அப்படியே வட மாவட்டத்து முகாமுக்குப் போய்விடும். அது மறுநாள் முழுக்கப் பிடிக்கும் பயணம். கடைசியாக ஒரு வரி: கைக்குழந்தைகளோடு பெண்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கிடங்குக்குச் சுவர்கள் மட்டும்தான் மிச்சம். கூரைத் தகட்டை எப்போதோ காற்று கொண்டுபோயிருந்தது. புதுத் தகடு போட எழுதிய கடிதம் மேலே எங்கோ கிடந்தது. அகதிகளுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கப்போவதாகப் பேச்சு இருந்ததே தவிர உத்தரவு வரவில்லை. உத்தரவில்லாமல் ஓலை வாங்கக்கூட வழியில்லை. நான் அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் இன்னும் ஒரு நாள். என் மகளை ஒரு மணி நேரப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாலே வாந்தி எடுப்பாள்.

துணை தாசில்தார் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அதைப் போட்டுக்கொள்ளாமலேயே எழுந்து, அலமாரியிலிருந்து கோடைக்காலத்தில் மட்டும் நாங்கள் எடுக்கிற விதிப்புத்தகத்தை எடுத்தார். கோடையில் கிராமங்களில் குடிசைகள் பற்றிக்கொண்டால், மேலிட உத்தரவுக்குக் காத்திராமல் சாப்பாடும் தற்காலிக மறைப்பும் கொடுத்துவிட்டுப் பிறகு கணக்குக் காட்டலாம். அந்த அதிகாரம் எங்கள் அலுவலகத்துக்கு இருந்தது.

அந்தப் பக்கத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். "தீயில வீடு போனவங்களுக்குத்தான இது?"

"ஆமா சார். ஆனா அது நம்ம தாலுகாவுல..."

"எந்த ஊருத் தீன்னு இதுல போடலயேம்மா."

நான் பயந்தவள். வேலை தற்காலிகம், வீட்டில் ஒரு சம்பளம் குறைந்தால் தெரியும். குறிப்பைத் தட்டச்சு செய்யும்போது இதில் என் பெயர் எங்காவது வருமா என்றுதான் முதலில் பார்த்தேன். வரவில்லை. அவர் பெயர் மட்டும் இருந்தது. கையெழுத்துப் போடும்போது அவர் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பிடித்து உலுக்கியதுபோல் இருந்தது. மூன்று முறை படிக்கிற மனிதர்.

அன்று சாயங்காலமே கோரிப்பாளையத்தில் பந்தல்கார பாய் முன்னால் நின்றோம். வீட்டுக்குப் போகிற வழியில் என்னை இறக்கிவிடுவதாகச் சொல்லி ஜீப்பில் ஏற்றியவர் அதை மறந்தே போனார். பாய் சிரித்தார். "சார், இது முகூர்த்த மாசம். கம்பு, கீத்து அம்புட்டும் வெளிய நிக்குது. ஒரு மூங்கி மிச்சமில்ல." துணை தாசில்தார் விடவில்லை. எந்தக் கல்யாணம் முதலில் முடிகிறது என்று கேட்டார். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டில், தெருவை அடைத்துப் போட்ட பந்தல், செவ்வாய்க்கிழமை காலையில் முகூர்த்தம். பந்தி முடிந்ததும் அதைப் பிரித்து வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வேறு இடம் எங்களுடையதாக இருக்கட்டும் என்றார் இவர். அங்கே காத்திருக்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது என்றார் பாய். பேச்சு நீண்டது. நடுவில் நான் ஏன் வாயைத் திறந்தேன் என்று தெரியவில்லை. கைக்குழந்தைகள் இருக்கிறார்களாம் என்றேன். பாய் கணக்கு நோட்டை மூடிவைத்தார்.

"கவர்மெண்டு காசு வாரப்ப வரட்டும் சார். அடுத்த முகூர்த்தத்துக்குள்ள எங் கம்பக் குடுத்துருங்க." உள்ளே திரும்பித் தன் ஆட்களின் மேஸ்திரியிடம், அலங்காநல்லூரில் எப்படி நிற்கிறதோ அப்படியே பிரித்து, அப்படியே கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும் என்றார்.

அந்த ‘அப்படியே’ என்ற சொல்லைத்தான் நாங்கள் கவனிக்காமல் விட்டோம். பந்தல் வேலையில் பிரிப்பதும் போடுவதும் ஒரே கணக்கு. எந்தக் கட்டு முதலில் இறங்குகிறதோ அது கடைசியில் ஏறும். வண்டியில் வந்த எதுவும் தரையில் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் எங்கோ ஒரு முடிச்சு விட்டுப்போயிற்று என்று அர்த்தம். எங்கே யாருக்காகப் போடுகிறோம் என்று மேஸ்திரி கேட்கவில்லை. அவர்கள் வாழ்நாளில் கல்யாணத்தைத் தவிர வேறு எதற்காகவும் பந்தல் போட்டதில்லை.

அந்த இரண்டு நாளும் எங்கள் அலுவலகம் எங்கள் அலுவலகமாக இல்லை. மாடிப்படியில் ஆட்கள் ஓடினார்கள். துணை தாசில்தார் தொலைபேசியில் சத்தம் போட்டார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயாக்களைச் சமைக்க ஏற்பாடு செய்தார், தண்ணீருக்கு மாட்டுவண்டியில் பீப்பாய் அனுப்பினார், டீயைக் கையில் வாங்கி அப்படியே ஜன்னலில் வைத்துவிட்டு மறந்துபோனார். எனக்கும் அந்த வேகம் ஒட்டிக்கொண்டது. தட்டச்சு இயந்திரத்தில் என் விரல்கள் தப்பில்லாமல் பறந்தன. வீட்டில் மகளைத் தூக்கிக்கொண்டு நானே நடுக்கூடத்தில் சுற்றினேன். "என்னடி, ஆபீசுல எதும் பரிசு விழுந்துருச்சா?" என்று அத்தை கேட்டார். சந்தோஷப்படுகிற விஷயமா இது என்று பிறகு குற்றமாகவும் இருந்தது. வீடு எரிந்து வருகிறவர்களுக்காக ஒருத்தி துள்ளலாமா?

புதன்கிழமை மத்தியானம் கிளம்பும்போது துணை தாசில்தார் என்னிடம் வந்து, பொம்பளைகள் வருகிறார்கள், ஒரு பொம்பளை முகம் இருந்தால் நல்லது, நீயும் வாம்மா என்றார். மலையைச் சுற்றி ஜீப் திரும்பியது. கருவேலங்காட்டுக்கு நடுவே அந்தப் பந்தலைப் பார்த்தோம். எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. துணை தாசில்தாருக்கு முகம் வெளுத்துவிட்டது. கிடங்குச் சுவர்களைச் சேர்த்து அணைத்தபடி, ஒரு பொட்டு வெயில் உள்ளே விழாதபடி, எப்பேர்ப்பட்ட கூரை. ஆனால் யார் பார்த்தாலும் உள்ளே தாலி கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் சொல்வார்கள்.

மேஸ்திரி பெருமையோடு வந்து, ஒரு கயிறு மிஞ்சவில்லை என்றார். துணை தாசில்தார் அவரைத் திட்டக்கூட இல்லை. தீ நிவாரணத்தில் வாழைமரம் நட்டதாக நாளைக்குத் தணிக்கையில் எழுதுவார்கள் என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே போய் ஒரு வாழைமரத்தைக் கட்டிப்பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. அலங்காநல்லூர்க்காரர்கள் மாப்பிள்ளைக்காக வெட்டிய மரம், நல்ல மரம். அவர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே லாரிச் சத்தம் கேட்டது.

அப்படித்தான் அந்தப் பின்கதவு திறந்தது, யாரும் இறங்கவில்லை.

முன்னால் வந்த ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி பந்தலை மேலும் கீழும் பார்த்தார். இது எந்தத் தலைப்பில் செலவு என்று கேட்டார். தீ விபத்து என்றார் துணை தாசில்தார், கையில் ஒட்டிய வாழைக்கறையைத் துடைத்தபடி.

"தீயா? எந்த ஊர்ல தீ?"

"அவங்களக் கேளுங்க சார். அவங்க சொல்லுவாங்க."

அதிகாரி அதைத் தாளில் குறித்துக்கொண்டார். ஆனால் லாரிக்குள்ளிருந்து இன்னும் அசைவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம், முந்தானைக்குள் குழந்தையை மூடிவைத்திருந்தவள், எல்லோருக்குமாகப் பேசினாள். "இது ஆற்றையோ கலியாண வீடு. சொல்லாத கலியாணத்துக்கு நாங்கள் போறதில்லை. லாரியைத் திருப்பச் சொல்லுங்கோ."

யாருடைய கல்யாண வீட்டிலோ, பந்தி முடிந்த மிச்சச் சோற்றுக்கு நிறுத்தப்போகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். ஊரும் வீடும் போன பிறகும் விடாமல் கையோடு கொண்டுவந்த கௌரவம் அது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவர், இருட்டுவதற்குள் திண்டுக்கல்லையாவது தாண்டிவிடலாம் என்றான். துணை தாசில்தார் இரண்டு கையையும் கூப்பினார்.

அப்போது முந்தானைக்குள் இருந்த குழந்தை அழுதது. பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும், கீச்சென்ற குரல். என் மார்பு கனத்து ரவிக்கை நனைந்துவிட்டது. கூச்சத்தில் புடவையை இழுத்து மூடிக்கொண்டு, யோசிக்காமல் கதவருகே போய்விட்டேன். யோசித்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

"அக்கா, கல்யாணம்லாம் இல்ல. உங்களுக்குப் போட்டதுதான். இந்த ஆளுகளுக்கு வேற மாதிரிப் பந்தல் போடத் தெரியாது."

அவள் என் நனைந்த ரவிக்கையைப் பார்த்தாள். பிறகு வாழைமரத்தைப் பார்த்தாள். "அப்ப என்ன சாப்பாடு?"

"சாம்பார் சாதம். ஊறுகா."

"பாயாசம்?"

"இல்லக்கா."

அவள் திரும்பி லாரிக்குள் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள். "பாயாசம் இல்லையாம். அப்ப எங்களுக்குத்தான். இறங்குங்கோ."

யாரோ ஒரு கிழவர் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அவள் இறங்கினாள். மூட்டைகள், வாளிகள், சுருட்டிய பாய்கள், ஒரு தையல் மெஷின் எல்லாம் இறங்கின. துணை தாசில்தார் கூப்பிய கையைப் பிரிக்காமலேயே வாசலில் நின்று ஒவ்வொருவரையும் வாங்க, வாங்க என்றார். பெண் வீட்டுக்காரர் மாதிரியே இருந்தது. லாரிகள் வெறுமையாக, லேசான சத்தத்தோடு திரும்பிப் போயின. சாப்பாடு முடிவதற்குள் பந்தல் கால்களில் சேலைத் தூளிகள் தொங்க ஆரம்பித்துவிட்டன. மணமேடையைப் பிரிக்கப்போன மேஸ்திரி, அதன்மேல் வரிசையாகத் தூங்கவைத்திருந்த குழந்தைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அதற்காகத் துணை தாசில்தாரிடம் விளக்கம் கேட்டார்கள். பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. மாற்றலாகிப் போன நாளில்கூட வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வாழைமரத்துக்குப் பாய் காசே வாங்கவில்லை, அது தணிக்கைக்காரர்களுக்கு நல்ல ஏமாற்றம் என்று சொல்லிச் சிரித்தார். அடுத்த முகூர்த்தத்துக்குப் பாய் புதுக் கம்பு வாங்கிக்கொண்டார். எங்களிடம் கேட்கவில்லை.

சில வாரங்களுக்கு என்று போட்டது. பிறகு கீற்று போய்த் தகடு வந்தது, தகட்டுக்குக் கீழே தடுப்புகள் வந்தன. இன்றும் அரசாங்கத் தாள்களில் அது இடைக்கால ஏற்பாடுதான். நாங்கள் அவர்களை இறக்கியது சரிதானா, வட மாவட்டத்தில் நல்ல கல்கட்டடம் கிடைத்திருக்குமோ என்று சில ராத்திரி எனக்குத் தோன்றும். அந்தக் கீச்சுக்குரல் ஞாபகம் வந்ததும் அந்த யோசனை நின்றுவிடும்.

போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மலை திரும்பியதும் கண்டக்டர் விசில் கொடுத்து, "பந்தலெல்லாம் எறங்கு" என்று குரல் கொடுத்தார். அந்த நிறுத்தத்துக்குப் பந்தல் என்றுதான் பெயர். ஏன் அப்படி என்று பஸ்ஸில் யாருக்கும் தெரிந்திருக்காது. காய்கறிக் கூடையோடும் புத்தகப் பையோடும் நாலைந்து பேர், வீட்டுக்கு வருகிறவர்களின் அலட்சியத்தோடு இறங்கினார்கள். மகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு தகரக் கூரைகளையும், கொடியில் காயும் துணிகளையும் பார்த்தாள்.

"எங்கம்மா பந்தலு?"

அந்தக் கூரைகளைக் கை காட்டினேன். அவள் நம்பவில்லை.