ஜெலுத்தோங்கில் திறந்திருந்த கதவு

காலை 8.10. ஈப்போவில் நானும் அப்பாவும் ரயில் ஏறினோம். அவர் சக்கர நாற்காலியில். பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் பேச்சில்லை. பட்டர்வொர்த் வரும்வரை என் மனத்தில் ஒரே கேள்விதான்: கோவிந்தன் எதற்காக அவரைக் கூப்பிட்டார்?

போனில் கோவிந்தனின் மகள் ராதா சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, அப்பாவுக்கு கேன்சர். டாக்டர் கைவிட்டுட்டாரு. உங்கப்பாவப் பாத்தே ஆகணுமாம். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு."

10.20. பினாங்குத் தீவுக்குப் படகு, தலைக்கு இரண்டு வெள்ளி கட்டணம். பதினைந்து நிமிடக் கடல்.

ஒரு காலத்தில் அந்தத் தீவின் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் கோவிந்தன் எங்கள் எதிர்வீட்டுக்காரர். குடித்துவிட்டு மனைவியை அடிப்பார். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா சனிக்கிழமைதோறும் அந்த வாசலில் நின்று, "உங்களுக்காக ஜெபம் பண்றேன்" என்று சொல்லி, சத்தமாக ஜெபித்துவிட்டு வருவார். ஒருநாள் கோவிந்தன் வெளியே வந்து ஹெல்மெட்டால் அவர் முகத்தில் அடித்தார். ஏழு தையல். அடுத்த சனிக்கிழமை அப்பா கட்டோடு போய் நின்றார். நாங்கள் ஈப்போவுக்கு மாறும்வரை, பதினோரு வருடம். கதவு மறுபடி திறக்கவேயில்லை. யாருக்கும் எட்டாத ஜெபம் எதற்கு என்று நான் சர்ச்சுக்குப் போவதை விட்டேன்.

10.50. படகுத்துறையிலிருந்து ஐந்து கிலோமீட்டர், காருக்குப் பன்னிரண்டு வெள்ளி. அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடவில்லை.

"ரோசாக் லா, கெட்டுப்போச்சு, அண்ணே. வாங்க, ரெண்டு பேரும் தூக்கிடலாம்" என்றார் ஓட்டுநர்.

மூன்று மாடி. ஒவ்வொரு படியிலும் திரும்பிவிடலாமா என்றிருந்தது. அப்பா மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்திருந்தது. கோவிந்தன் எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தார். நெற்றியில் திருநீறு.

"ஏதாச்சும் சொல்லுங்கண்ணே" என்றார் அப்பாவைப் பார்த்து.

"அவரால பேச முடியாது, அங்கிள்" என்றேன்.

அவர் முகம் வாடிப்போயிற்று. "கதவுக்குப் பின்னாலதான் நிப்பேன், தம்பி. ஒவ்வொரு சனிக்கிழமையும். தெறக்க வெக்கம். நீங்க வீடு மாறிப் போனதும், இனி யாரு வருவான்னு அழுதேன். அன்னிக்குத்தான் குடிய விட்டேன். அந்த ஜெபத்த ஒரு தடவ வீட்டுக்குள்ள கேக்கணும். நீ சொல்லு."

நான் ஜெபித்துப் பல வருடம். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பாவின் இடது கை மெல்ல நகர்ந்து கோவிந்தனின் விரல்களைப் பிடித்துக்கொண்டது. அப்பா கண்களை மூடிக் காத்திருந்தார்.

"ஆண்டவரே" என்றேன். அதற்குமேல் வரவில்லை. "இந்த வீட்ல இருக்கவங்களக் கைவிடாதீங்க. இவருக்குப் பயம் வேணாம்... எனக்கும்."

"ஆமென்" என்றார் கோவிந்தன்.

மதியம் 2.30. திரும்பும் படகு. கதவுக்குப் பின்னால் ஒருவர் நின்றது அப்பாவுக்குத் தெரிந்திருக்காது. தெரியாமலே பதினோரு வருடம் போயிருக்கிறார். ஈப்போவில் தினமும் அவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறேன். ஒருநாளும் அவரோடு உட்கார்ந்து ஜெபித்ததில்லை.

பட்டர்வொர்த் நெருங்கியபோது அவர் உதடுகள் அசைந்தன. வீட்டிலும் அடிக்கடி அப்படி அசையும். பேச முயல்கிறார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். குனிந்து அவர் காதருகே கேட்டேன்.

"ஜெபிக்கிறீங்களா? எனக்காகவாப்பா?"

ஆம் என்று தலையை அசைத்தார்.