அல்மா ஆட்டிய துணி

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குள்ளேயே தொடங்கி, அதன் மேற்குப் பகுதியான அல்டோனாவில் முடிந்துவிடும் அந்த இணைப்புப் பாதையை ரயில்பாதை என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். ஒரு காப்பி ஆறுவதற்குள் தீர்ந்துபோகும். இரண்டு பக்கமும் வீடுகள் ஒட்டி நிற்பதால் யார் வீட்டில் என்ன சமையல் என்பது எஞ்சின் ஓட்டுநர்களுக்கு அத்துப்படி.

ஓட்டுநர் டெட்லெஃப் ஹார்ம்ஸனின் வீடும் அந்தப் பாதையோரம்தான். மதியம் அன்றைய கடைசி நடையாக அல்டோனாவுக்கு வண்டியைக் கொண்டுபோகையில், தன் வீட்டருகே இரண்டு முறை குட்டையாக விசிலடிப்பார். மனைவி வீப்கே உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றிவிட்டு, சமையலறை ஜன்னலில் பாத்திரம் துடைக்கும் துணியை ஆட்டுவாள். அவர் வீடு வந்து சேரவும் கிழங்கு வேகவும் சரியாக இருக்கும்.

போர்க்காலத்தில் ஒரு மதியம், அபாயச் சங்கு ஊதிய பிறகும், எப்படியாவது அல்டோனா போய்விடலாம் என்று வண்டியை விரட்டினார். வீட்டருகே கை பழக்கதோஷத்தில் விசில் கயிற்றை இழுத்தது. ஜன்னலில் துணி ஆடியது. திரும்பி வந்தபோது, விழுந்த குண்டில் வீடும் இல்லை, அவளும் இல்லை.

என் விசில்தான் குண்டுக்குப் பதுங்கியிருந்த அவளை நிலவறையிலிருந்து மேலே கூப்பிட்டதா? அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. அதன்பிறகு அந்த இடத்தில் அவர் விசிலடித்ததும் இல்லை, அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததும் இல்லை.

ஒன்பது வருஷம் கழித்து அதே இடத்தில் புதுக் கட்டடம் எழும்பியது. ஒரு மதியம் தற்செயலாகக் கண் திரும்பியபோது அதன் இரண்டாம் மாடி ஜன்னலில் வெள்ளைத் துணி ஆடியது. டெட்லெஃப் கண்ணெடுக்காமல் அதையே பார்த்தார்.

கரி அள்ளிப்போடும் ஈவால்ட் இளித்தான். "என்னண்ணே, இந்த வயசுல? தினமும் ஆட்டுதே அந்தம்மா!"

"உனக்கும் தெரியுதா?"

"எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

அன்றே படியேறிப் போனார். கதவைத் திறந்தவள் அல்மா டாம்கே. பழைய வீட்டில் அடுத்த குடித்தனம். அன்று வீப்கேயோடு நிலவறையில் இருந்தவள்.

"எப்ப வருவீங்கன்னுதான் பயந்துக்கிட்டே இருந்தேன். உள்ள வாங்க."

அவர் உட்காரவில்லை. "அன்னிக்கு என் விசில் கீழ கேட்டுச்சா?"

அல்மா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "கேட்டுச்சு. போகாதடின்னு கையப் பிடிச்சேன். 'துணி ஆடலேன்னா எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அந்த மனுஷன் துடிச்சுப்போயிடுவாரு, ஆட்டிட்டு அடுத்த நிமிஷம் வந்துடறேன்'னா. நான் கைய விட்டுட்டேன்."

டெட்லெஃப் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் நீ எதுக்கு ஆட்டுறே?"

"நீங்க விசிலடிக்கறதுக்கு முன்னாடியே ஆட்டிடறேன். மறுபடி விசிலடிச்சு அவளைக் கூப்பிட்டுடாதீங்க. கூப்பிட்டா அவ வந்துடுவா, டெட்லெஃப்."

மறுநாள் மதியம் தூரத்திலேயே துணி தெரிந்தது. அவருடைய வலது கை தானாகக் கயிற்றை நோக்கி எழுந்தது. இடது கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். வீடு பின்னால் மறையும்வரை விடவில்லை.