மாமா அழித்த கோடு

ஷேர் மார்க்கெட்டில் பணம் போட்டுத் தொலைத்தவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். என் அக்கா வீட்டுக்காரர் அந்தோணிசாமி அந்த ரகம் இல்லை. அவர் போட்டதெல்லாம் கோடுதான். பல்லாவரத்தில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் மெஷின் படம் வரையும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு லேஅவுட்டில் வீடு கட்டிக்கொண்டு போனார். வேலை போனாலும் ஸ்கேலும் பென்சிலும் கையை விட்டுப் போகவில்லை.

தினமும் மாலை நாலு மணிக்கு உட்கார்ந்து நாலைந்து கம்பெனி ஷேர்களின் விலையை கிராஃப் தாளில் புள்ளி வைப்பார். பிறகு புள்ளிகளை இணைத்துக் கோடு போடுவார். விலை கீழே வந்து கோட்டைத் தொட்டுவிட்டு மேலே போனால் அது சப்போர்ட். மேலே முட்டிக்கொண்டு கீழே வந்தால் ரெசிஸ்டன்ஸ். இவ்வளவு ஆராய்ச்சிக்குப் பிறகு வாங்குவது பத்து ஷேர், இருபது ஷேர். அதிலும் நஷ்டம்தான் வரும், ஆனால் குடி முழுகிற நஷ்டம் இல்லை.

ஒருநாள் நான் சும்மா இருக்காமல் கேட்டேன். "செல்போன்லயே இதெல்லாம் கீது மாமா. வெரலால இழுத்தா கோடு வுழுது."

"அதுல படத்தைப் பெருசு பண்ணா கோணம் மாறுதுடா ஃபிரெடி. நாப்பத்தஞ்சு டிகிரில போட்ட கோடு அறுபது ஆவுது. அது ஒரு கோடா? என் பேப்பர்ல ஸ்கேல் மாறாது. ஒரு ரூபாய்க்கு ஒரு மில்லிமீட்டர்."

"ஒரு ரூபாய்க்கு ஒரு மில்லிமீட்டர்னு யாரு மாமா சொன்னது? ரெண்டுன்னு வச்சுக்கினா கோணம் மாறிடுமே?"

மாமா பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். "நீ போய் பஞ்சர் ஒட்டு" என்றார்.

நான் டூவீலர் மெக்கானிக். பஞ்சரும் ஒட்டுகிறவன்தான். இருந்தாலும் சுருக்கென்று கோபம் வந்தது. கடைக்குப் போய், ஆறு மாதமாக எந்த நாளில் எத்தனை பஞ்சர் வந்தது என்று வரிசையாக எழுதி, இது ஒரு ஷேர் என்று சொல்லி அவரிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததிலிருந்து சாயங்காலம் வரை அதில் கோடு போட்டார்.

"நல்ல ஷேர்டா. ஒன்பதுல பலமான சப்போர்ட். பதினாலைத் தாண்டிச்சுன்னா தைரியமா வாங்கலாம்."

உண்மையைச் சொன்னேன். என் அக்கா செல்வமேரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. மாமா அசரவில்லை. "அப்போ பஞ்சருக்கும் ட்ரெண்ட் இருக்குன்னு அர்த்தம்" என்றார். இந்த மனிதரை என்ன செய்வது?

அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்தால் எல்லாக் கோடும் பலித்த மாதிரியே இருக்கும். பலிக்காததை ரப்பரால் அழித்துவிடுவார். வேறு இரண்டு புள்ளிகளை எடுத்து வேறு கோடு போடுவார். இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. முப்பத்திரண்டு வருடம் தப்பான கோட்டை அழித்துச் சரியான கோட்டைப் போடத்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அக்காவுக்குப் பல வருடமாக சுகர். அது கிட்னியில் கை வைத்துவிட்டது. தாம்பரத்தில் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் தீபா மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு எண் சொல்வார். போன வருடம் ஜூன் மாதம் அந்த எண் இருபத்துநாலு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐம்பத்திரண்டு. பத்துக்கு வந்தால் டயாலிசிஸ்.

டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் பேனாவால் சாய்வாக ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "இப்படியே போனா அடுத்த ஜூன். அதுக்கு முன்னாடி கைல ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணி டயாலிசிஸுக்கு ரத்தக்குழாயை ரெடி பண்ணி வைக்கணும்மா. அது பழுத்து வர ரெண்டு மூணு மாசம் ஆகும். ரெடியா இல்லைன்னா அவசரத்துல கழுத்துல டியூப் போட வேண்டி வரும். அதுல கிருமி போச்சுன்னா ரொம்ப ஆபத்து. தள்ளிப் போடாதீங்க சார்."

கிட்னி கொடுக்க என்னைப் பார்த்தார்கள். எனக்கும் சுகர். மாமாவுக்கு அறுபத்தாறு வயது, பிரஷர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. டயாலிசிஸும் அதற்கான கை ஆபரேஷனும்தான் வழி.

வீட்டுக்கு வந்ததும் மாமா புதுத் தாள் எடுத்தார். அக்காவின் பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக அடுக்கி, ஒன்பது புள்ளிகளை வைத்தார். ஸ்கேலை வைத்துக் கோட்டை இழுத்தார். அது ஒன்பது புள்ளிகளையும் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கி, அடுத்த ஜூனில் பத்தில் போய் நின்றது. டாக்டர் கையால் கிறுக்கியதும் அதுவும் ஒன்றுதான். மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ரப்பரை எடுத்தார்.

அழித்த இடத்தில் இருபதுக்கு நேராகப் படுக்கையாக ஒரு கோடு போட்டார். "மேரி, இங்க சப்போர்ட் இருக்கு. இருபதுல நின்னுடும். இப்போ கையைக் கிழிக்க வேணாம்."

அக்காவுக்கு ஊசி என்றாலே பயம். அவளுக்கு வேறென்ன வேண்டும்?

செப்டம்பரில் எண் இருபது வந்தது. "பாத்தியா?" என்றார் மாமா. டிசம்பரில் இருபத்தொன்று. ஒரே ஒரு எண் ஏறியதற்கு அந்த வருட கிறிஸ்துமஸ் எங்களுக்கு இரண்டு மடங்காக இருந்தது. மாமா மட்டன் பிரியாணிக்குச் சொல்லிவிட்டார். அக்கா புதுப் புடவையில் நின்று, "இவரு கோடு எனக்காவது பலிச்சுதேடா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். டாக்டர் ஜனவரியில் ஆபரேஷனுக்குக் கொடுத்திருந்த தேதியை மாமா போன் செய்து வேண்டாம் என்றார்.

மார்ச்சில் பதின்மூன்று.

"ஃபால்ஸ் பிரேக்" என்றார் மாமா. சப்போர்ட்டை உடைத்த மாதிரி பயம் காட்டிவிட்டு விலை திரும்ப மேலே வருமே, அதுவாம். டாக்டர் திட்டின திட்டில் ஏப்ரலில் கையில் ஆபரேஷன் நடந்தது. அது பழுப்பதற்குள், மே கடைசியில், அக்காவுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பத்து. கழுத்தில் டியூப் போட்டார்கள். டாக்டர் பயந்தபடியே எட்டாவது நாள் குளிர் காய்ச்சல் வந்தது. ஜூன் பதினொன்றாம் தேதி காலையில் அக்கா போய்விட்டாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கூடுவாஞ்சேரி வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். மேஜை மேல் அந்தத் தாள் கிடந்தது. அக்காவின் கடைசி எண் பத்தையும் அவர் புள்ளி வைத்திருந்தார். அழித்த கோட்டின் பென்சில் தடம் தாளில் பள்ளமாக இன்னும் தெரிந்தது. கடைசிப் புள்ளி அந்தத் தடத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"இன்னா மாமா பண்ண நீ? வாழ்நாள்ல சரியா போட்ட ஒரே கோட்ட அழிச்சிட்டியே! எங்கக்காவ கொன்னுட்டியே!" அதுவரை அவரை நீ என்று சொன்னதில்லை.

மாமா கோபப்படவில்லை. தடத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு பேசினார். "எனக்கு அன்னிக்கே தெரியும்டா. ஒன்பது புள்ளியும் ஒரே கோட்டுல வந்துச்சு. இத்தனை வருஷத்துல எந்த ஷேரும் எனக்கு அப்படி வந்ததில்ல. மேரி முன்னாடி அதை எப்படிடா வச்சிருப்பேன்?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நீ பக்கத்துலதானே நின்ன? அழிச்ச ரப்பர் தூளைக் குனிஞ்சு ஊதினது நீதானே? நீ ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல?"

ஊதியது நான்தான். கோடு எங்கே உண்மை, எங்கே பொய் என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் அழித்துவிட மாட்டாரா என்றுதான் நானும் பக்கத்தில் நின்றேன்.