பெரியம்மா வீட்டு வாசற்படி

"படிச்சுப்புட்டா இந்த லயத்துப் படிய மிதிப்பாளா? பார்ப்போம்."

நான் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிய வருடம் பெரியம்மா என் அம்மாவிடம் சொன்னது இது. பெரியம்மா ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் குடியிருப்பவர். அம்மா கல்யாணம் முடித்துக் கொழும்புக்கு இறங்கியவர். அப்பா புறக்கோட்டையில் மூட்டை சுமந்தார். ஜிந்துப்பிட்டியில் ஒற்றை அறையில் வளர்ந்த நான்தான் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள், டீச்சரும் ஆனவள். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பதில்லை. ஆனாலும் பெரியம்மாவின் அந்த ஒரு சொல் உள்ளங்காலில் முள்ளாகவே கிடந்தது.

என் கல்யாணத்தோடு அது இன்னும் ஆழமாக இறங்கியது. அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் பெரியம்மாவுக்கு அழைப்பிதழ் தபாலில் போனது. நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைக்காத கல்யாணத்துக்கு அவர் எப்படி வருவார்? வரவில்லை. அதற்குப் பிறகு அம்மாவின் போனையும் எடுக்கவில்லை. அம்மாவுக்கு உடன்பிறப்பு என்று இருப்பது அந்த ஒருவர்தான்.

"நீயும் மாப்பிள்ளையும் ஒருக்கா போயிட்டு வாங்க," என்றார் அம்மா. "அக்கா உன்னை உள்ள கூப்பிட்டுட்டா எனக்கும் கதவு தெறந்த மாதிரி. கூப்பிடலன்னா..." சுளகை எடுத்து அரிசி புடைக்கத் தொடங்கினார்.

என் கணவர் வெள்ளவத்தையில் வளர்ந்தவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். மலை ஏறுவதும் கூடாரம் அடிப்பதும் அவருக்குப் பைத்தியம். கூடாரத்தையும் கொண்டுபோவோம் என்றது அவர்தான். எனக்கும் அது சரியாகப் பட்டது. லயத்து வீடு என்பது காம்பரா என்கிற ஒற்றை அறை, சமைக்க ஒரு குசினி, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்ன விறாந்தை, அவ்வளவுதான். புது ஜோடி போய் நின்றால் காம்பராவை எங்களுக்கு விட்டுவிட்டு, வீட்டார் அத்தனை பேரும் இஸ்தோப்பில் குளிரில் கிடப்பார்கள். அந்தத் தொல்லையைக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தோம்.

அவருடைய அண்ணாவின் பழைய காரில் புறப்பட்டோம். கினிகத்தேனை ஏற்றத்தில் மழை பிடித்தது. ஒரு பக்கம் மண் சரிந்து சிவப்பாகக் கிழிந்த மலை. என் பக்கம் வெறும் வெள்ளை மூட்டம். அதற்கு அடியில் எவ்வளவு ஆழம் என்று தெரியாததுதான் எனக்குப் பயங்கரமாக இருந்தது. வளைவு ஒன்றில் பஸ் ஒன்று எங்கள் பாதையிலேயே இறங்கி வந்தது. அவர் பிரேக்கை மிதிக்க, கார் வழுக்கிப் போய் ஓரத்தில் நின்றது. கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். தரை தெரியவில்லை.

"ஏன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறீர்?"

"திறந்தா மட்டும் என்ன தெரியுது?"

"டீச்சரே இப்பிடிப் பயந்தால் பிள்ளையள் என்ன செய்யும்?"

"பிள்ளைகள் புத்தியா கொழும்பிலயே இருக்கும்."

சிரித்தார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவருடைய விரல்களும் வெளுத்துப் போயிருந்தன. அதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

தோட்டத்து ரோட்டில் ஏறும்போது பொழுது சாய்ந்துவிட்டது. இந்த நேரத்தில் போனால் கட்டாயம் காம்பராவைக் காலி பண்ணுவார்கள், காலையில் போவோம் என்று முடிவெடுத்தோம். பெரியம்மாவின் முகத்தைப் பார்க்க ஒரு இரவு தள்ளிப்போனதில் எனக்கு நிம்மதிதான்.

தேயிலை மலையில் சமதரையைக் காண்பது அரிது. எங்களுக்கு அதிர்ஷ்டம் போல ஒன்று கிடைத்தது. சுற்றிவர தேயிலை, நடுவே புல் வெட்டிய வெளி, அங்கங்கே பாத்தி போல மண் மேடுகள்.

"யாரோ துப்புரவாக்கி வைச்சிருக்கினம், பாரும்," என்று அவர் முளைக் கம்பிகளை அடித்தார். காலில் மண்சட்டி ஓடுகள் இடறின. யாரோ பொங்கியிருப்பார்கள் என்று அவற்றைப் பொறுக்கி ஒதுக்கினேன்.

கூடாரத்துக்குள் உட்கார்ந்து பாண் ரொட்டியைப் பிய்க்கும்போது கீழே நாய்கள் குரைத்தன. மூட்டத்துக்குள் டோர்ச் வெளிச்சம் ஆடியது. இரண்டு பேர் ஏறி வந்தார்கள். இருவர் கையிலும் தேயிலை கவ்வாத்து வெட்டுகிற வளைந்த கத்தி.

"யாருடா அது? வெளிய வா!"

கணவர் கைகளை உயர்த்திக்கொண்டு வெளியே போனார். அவர் போன பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. பெரியம்மாவின் பெயரைச் சொல்லி, "நான் அவங்க தங்கச்சி மகள்! கொழும்பு!" என்று கத்தினேன்.

கத்தி தாழ்ந்தது. டோர்ச் என் முகத்தில் விழுந்தது.

"அடியே, ஜிந்துப்பிட்டி டீச்சரா?" பெரியம்மாவின் மகன், என் அண்ணன். "தங்கச்சி, படுக்க ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா? இது எங்க மயானம்!"

நான் ஒதுக்கி வைத்தது கொள்ளிக்குடத்து ஓடுகள். அதன் பிறகு அந்தப் புல்லில் ஒவ்வொரு அடி வைக்கவும் கால் கூசியது.

லயத்துக்கு இறங்கினோம். அண்ணன் முன்னால் ஓடிப்போய்ச் செய்தியைச் சொல்லிவிட்டிருந்தார். வாசலில் பெரியம்மா நின்றார். பாதையில் ஒத்திகை பார்த்த பேச்சு முழுவதும் மறந்துபோக, படியில் காலைத் தூக்கினேன்.

"நில்லு! படிய மிதிக்காத!"

தூக்கிய கால் அப்படியே நின்றது. முடிந்தது என்று நினைத்தேன். அம்மாவுக்கு என்ன சொல்வேன்? பெரியம்மா உள்ளே போய்விட்டார். அக்கம்பக்கத்து இஸ்தோப்புகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

திரும்பி வந்தவர் கையில் வாளி. என் தலையோடு ஊற்றினார். மஞ்சள் தண்ணீர், பனிக்கட்டியாக. அலறிவிட்டேன்.

"சுடுகாட்டுக்குப் போயிட்டு முழுகாம வீட்டுக்குள்ள வருவாளாம். இதுதான் படிச்ச லட்சணமா?" பிறகு உள்ளே திரும்பி, "மாப்பிள்ளைக்குச் சுடுதண்ணி கொண்டு வா, புள்ள!" என்று மருமகளுக்குக் குரல் கொடுத்தார்.

"எனக்கு மட்டும் பச்சைத் தண்ணியா பெரியம்மா?" பல் அடித்துக்கொண்டது.

"அவரு விருந்தாளி. நீ வீட்டுப் புள்ளதானே. உள்ள வா, சேலைய மாத்து."

நான் படியை மிதித்தேன்.

அன்றைக்கு நாங்கள் காம்பராவில்தான் படுத்தோம். எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே நடந்தது, மற்றவர்கள் எல்லோரும் இஸ்தோப்பில். பெரியம்மா சோறு போடும்போது சொன்னார்: "ஒங்க தாத்தா தலமாட்டுலதான் குச்சி அடிச்சிருக்கீங்க. கெழவனுக்கு ஆள் வந்ததுல சந்தோஷமாத்தான் இருந்திருக்கும்." என் கணவருக்குப் புரை ஏறியது.

மறுநாள் என் போனை வாங்கி அம்மாவிடம் அவரே கதைத்தார். "ஒன் மக சுடுகாட்டு வழியா வந்தாலும் வந்து சேர்ந்துட்டா. ஒனக்கு மட்டும் வழி தெரியாதோ?" அந்தப் பக்கம் அம்மா அழுதது எனக்குக் கேட்டது.

அந்த வளைவுகள் இப்போதும் கனவில் வந்து என்னை எழுப்புகின்றன. ஆனாலும் வெற்றிலை, பாக்கு, மஞ்சள் எல்லாம் கொட்டாஞ்சேனையில் வாங்கி வைத்துவிட்டேன். அம்மாவுக்கும் எனக்கும் ஹட்டனுக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. ஜன்னல் சீட், பள்ளம் தெரிகிற பக்கம்.