பால்சுறாவுக்குத் துணையாக

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக விமானம் ஏறியது நானோ அம்மாவோ இல்லை. ஒரு பால்சுறா. நாங்கள் இரண்டு பேரும் அதற்குத் துணைக்குப் போனோம், அவ்வளவுதான். டிக்கெட் மட்டும் எங்கள் பேரில் இருந்தது.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. டெல்லியில் வாழ்க்கைப்பட்ட என் தங்கைக்குத் தலைப்பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் எழுதாத சட்டம். எங்கள் வீடு திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில் இருக்கிறது. அம்மா கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கினாள், தூளி கட்டக் கொக்கி அடிக்க வைத்தாள், மருந்துப்பொடி இடித்து டப்பாவில் போட்டு வைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளை போன் பண்ணினார்.

"அத்தே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஏரியா காத்து பச்சைக் குழந்தைக்கு ஒத்துக்காது. பிரசவம் இங்கேயே இருக்கட்டும்."

இதை அவர் எங்கிருந்து சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். டெல்லியிலிருந்து. ஐப்பசி பிறந்தால் எதிர்வீட்டு மொட்டைமாடியே கண்ணுக்குத் தெரியாத ஊரிலிருந்து. அவர் வீட்டுக் கூடத்தில் காற்றைச் சுத்தம் பண்ண ஒரு மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும் என்று தங்கை சொல்லியிருக்கிறாள். மூச்சு விடுவதற்கு கரண்ட் பில் கட்டுகிற மனிதர் எங்கள் காற்றில் குற்றம் கண்டுபிடித்தார். எங்கள் காற்றில் குற்றம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. துவைத்துப் போட்ட வெள்ளைச் சட்டையை மாலையில் எடுத்து உதறினால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறக்கும். ஆனால் அதை நாங்கள் சொல்லலாம், வந்து பெண் எடுத்தவர் சொல்லலாமா?

அம்மா போனை வைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "எங்க காத்து ஆவாதுன்னவன் வூட்டு வாசப்படிய நான் மிதிக்கமாட்டேன்."

அம்மா பிடித்த முயலுக்கு மூன்றே கால். பேரன் பிறந்த செய்தி வந்தபோது தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள், ஆனால் டெல்லிக்குக் கிளம்பவில்லை. தங்கைக்கு மாமியார் இல்லை. ஆபரேஷன் பண்ணிய வயிற்றோடு, பகலில் வந்துபோகும் ஒரு வேலைக்கார அம்மாளை வைத்துக்கொண்டு தனியாகச் சமாளித்தாள். தினமும் போனில் "அம்மா வராதாக்கா?" என்று கேட்பாள். நான் ஏதாவது சொல்லி மழுப்புவேன்.

ஒருநாள் அவள் அழுதாள். "பால் பத்தலக்கா. கொயந்த சப்பி சப்பிப் பாத்துட்டு அயுவுது. எட ஏறலன்னு டாக்டர் பவுடர் பாலு எய்திக் குட்த்துட்டாரு."

அம்மா போனைப் பிடுங்கினாள். "பால் சொறா வாங்கிப் புட்டு பண்ணித் துன்னுடி. பூண்டு நெறயப் போடு."

"இங்க சொறா எங்கம்மா கெடைக்கும்?"

எங்கள் கடற்கரையில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டுதான் முதல் மருந்து. டாக்டர் அப்புறம்தான். மறுநாள் காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "டெல்லிக்கு ரயிலு எப்ப போய்ச் சேரும்?"

"ரெண்டு ராத்திரி ஆவும்மா."

"சொறா நாறிப்பூடும். ஏரோப்ளேன்ல போடு."

"அப்ப நீ போறியா?"

"நான் எங்க போறேன்? சொறாவ வாசல்ல குட்த்துட்டு வந்துருவேன்."

அதாவது, டெல்லி வரைக்கும் பறந்துபோய், வாசலில் நின்று மீனைக் கொடுத்துவிட்டு, மறுபடியும் பறந்து வருவது. கூரியர்காரர்கள்கூட ஒரு கையெழுத்து வாங்க உள்ளே எட்டிப்பார்ப்பார்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்புகிற மாதிரி டிக்கெட் போட்டேன். எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். அந்த வாசற்படியை அம்மா தாண்டுவாளா, மாட்டாளா? தாண்டாவிட்டால் என் தங்கை தாய் இருந்தும் தாயில்லாதவளாகத்தான் அந்தப் பிள்ளையை வளர்த்தாக வேண்டும்.

கிளம்புகிற அன்று விடிந்ததும் காசிமேட்டுக்குப் போய் அம்மாவே சுறா பார்த்து வாங்கினாள். தெர்மகோல் பெட்டி, உடைத்த ஐஸ், சுற்றிலும் பழுப்பு டேப். இந்த மூன்றும் இருந்தால் உலகத்தில் எதையும் எங்கேயும் கொண்டுபோய்விடலாம் என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. விமானக் கம்பெனிக்காரர்களும் அதே நம்பிக்கையில் இருப்பார்கள் என்று அம்மா நினைத்ததில் ஆச்சரியமில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன், படித்தவள் வேறு.

எங்கள் தெருவில் யார் வெளியூர் போனாலும் வழியனுப்ப வேன் வைப்பது வழக்கம். கோயம்பேட்டுக்கே வேன் வைக்கிறவர்கள் ஏர்போர்ட்டுக்கு விடுவார்களா? பக்கத்து வீட்டு அத்தை தலைமையில் தெருவில் பாதி ஏறிக்கொண்டது. மத்தியான விமானத்துக்குக் காலையிலேயே கிளம்பினோம். ஹார்பருக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எங்கள் ரோட்டில் எப்போது வந்து மறித்து நிற்கும் என்று கடவுளுக்கே தெரியாது. கல்யாணப் பெண்ணே லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு முகூர்த்தத்தைத் தவறவிட்ட ஊர் இது. அன்றைக்கென்று பார்த்து லாரிக்காரர்கள் ஸ்டிரைக். ரோடு காலியாகக் கிடந்தது, விமானத்துக்கு வெகுநேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். ஏர்போர்ட்டில் கார்கள் நிற்கும் இடத்தில் பெட்ஷீட் விரித்து, கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தை எல்லோரும் சாப்பிட்டோம். கோட்டு போட்ட ஒருவர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார். அவருக்கு யாரும் புளிசாதம் கட்டித்தரவில்லை போலும்.

உள்ளே, லக்கேஜ் வாங்குகிற கவுண்டரில் இருந்த பெண் பெட்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். ஐஸ் உருகி, பளபளவென்ற தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. துடைப்பத்தோடு ஒருவர் எங்கள் பின்னாலேயே வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது.

"மேம், பச்சை மீன் எடுத்துக்க மாட்டோம். தண்ணி கசியுது பாருங்க."

"இதே பொட்டில கப்பலேத்தி சீமைக்கே அனுப்பறாங்க. தோ கீற டெல்லிக்குப் போவாதா?" என்றாள் அம்மா.

"சாரி மேம். சமைச்சு, தண்ணியில்லாம இருந்தா கையில கொண்டு போலாம்."

எத்தனை சாரி. நான் ஒரு வருஷத்தில் சொல்கிற சாரி அத்தனையையும் அந்தப் பெண் எங்களிடமே சொல்லித் தீர்த்தாள். அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. "வா, வூட்டுக்குப் போலாம். சொறா இல்லாம நான் எதுக்கு அங்க?" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். இத்தனை தூரம் வந்து, ஐஸ் தண்ணியில் வழுக்கி எல்லாம் போச்சே என்று எனக்கு இருந்தது.

வாசல் காவலரிடம் கெஞ்சி வெளியே வந்தால், வேன் அப்படியே நிற்கிறது. விமானம் மேலே ஏறிப் போவதைக் கண்ணால் பார்க்காமல் நகரமாட்டோம் என்று பாதித் தெருவும் உட்கார்ந்திருந்தது. காலையில் இந்தக் கூட்டத்தைப் பார்த்து வெட்கப்பட்டவள் நான்.

பக்கத்து வீட்டு அத்தை கேட்டாள். "சமைச்சா வுடுவானா?"

"வுடுவாங்களாம்."

"பம்மல்ல என் நாத்தனா வூடு கீது. ஏறு."

அந்த நாத்தனாரோடு அத்தைக்கு வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பேச்சில்லாத வீட்டில் போய், முன்னறிவிப்பில்லாமல், அடுப்பை மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஒருத்தி மஞ்சள் போட்டு வேகவைத்து மணல்மாதிரிச் சொரசொரத்த தோலை உரிக்க, ஒருத்தி பிழிந்து உதிர்க்க, மற்றவர்கள் பூண்டும் வெங்காயமும் உரித்துத் தள்ளினார்களாம். நான் ஏர்போர்ட்டிலேயே பைகளோடு தனியாக உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அம்மா திரும்பி வந்தபோது கையில் ஒரு எவர்சில்வர் டப்பா, தலைமுடியெல்லாம் பூண்டு வாசனை.

அடுத்தது சோதனை. கருவி அம்மாவைப் பார்த்தாலே கத்தியது. தாலிச்சங்கிலியில் கோத்திருந்த சேஃப்டி பின்களைச் சோதனை போடும் அம்மாள் ஒவ்வொன்றாகக் கழற்ற வைத்தாள். டப்பாவைத் திறந்த காவலர் மோந்து பார்த்து, இந்தியில் ஏதோ கேட்டு, இன்னொருவரைக் கூப்பிட்டார். வந்தவர் குனிந்து பார்த்தார். "சுறாப்புட்டா?" என்று தமிழில் கேட்டு, எச்சிலை விழுங்கிக்கொண்டு, மூடியை அவரே அழுத்தி மூடிக் கொடுத்தார். நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தில்லை என்று முடிவாயிற்று.

விமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எங்கள் ஊர் ஷேர் ஆட்டோவில் இதைவிடத் தாராளமாகக் கால் நீட்டலாம். டப்பாவை மேலே வைக்கச் சொன்ன பணிப்பெண்ணிடம் அம்மா முடியாது என்று தலையாட்டினாள். முன் சீட்டுக்கு அடியில் வைத்து இரண்டு பாதங்களாலும் அணைத்துக்கொண்டாள். கதவு மூடியதும் வாசனை கிளம்பியது. நடைபாதை ஓரத்து சீட்டுக்காரர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, பணிப்பெண்ணைக் கூப்பிடத் தலைக்கு மேலிருந்த பட்டனை அழுத்தினார். அவர் போட்டிருந்த சென்ட்டை நாங்கள் ஏறியதிலிருந்து பொறுத்துக்கொண்டிருந்தோம் என்பது அவருக்குத் தெரியாது.

மேலே கிளம்பும்போது அம்மா சிலுவை போட்டுக்கொண்டு என் மணிக்கட்டை நெரித்தாள். விமானம் கடல் பக்கம் போய் வடக்கே வளைந்தது. ஜன்னல் ஓரம் அம்மாதான். கீழே ஹார்பர், இடம் கிடைக்காமல் வெளியே காத்துநிற்கும் கப்பல்கள், அப்புறம் எண்ணூர் கழிமுகம், புகைபோக்கிகள். அதற்கு மேல் அழுக்குப் போர்வையாக ஒரு பழுப்பு.

"அது இன்னாடி?"

"நம்ம ஊரும்மா."

கீழே இருக்கிறவரை அதற்குப் புகை என்று நாங்கள் பேர் வைத்ததே இல்லை. காலையில் பனி என்போம், மாலையில் மேகமூட்டம் என்போம், இருமல் வந்தால் ஐஸ்கிரீம் தின்றதால் என்போம். அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெகுநேரம் கழித்துச் சொன்னாள். "அதுக்குன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்களா?"

டெல்லி வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். ஜன்னலில் ஊரே இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணி மாதிரி ஒரு நிறம், அதற்குள் நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம்.

"இன்னாடி ஒண்ணுமே தெரியல?"

"மாப்ளையோட காத்தும்மா."

பல மாதங்களுக்குப் பிறகு அம்மா சிரித்தாள். "அந்த மெசின வூட்டுக்கு வெளிய வெக்கச் சொல்லு."

மாப்பிள்ளை வண்டியோடு வந்திருந்தார். வழியெல்லாம் அம்மா அவர் கேட்டதற்கு என்னைப் பார்த்துப் பதில் சொன்னாள். வீட்டு வாசலில் தங்கை குழந்தையோடு நின்றிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்து, பாதியாக இளைத்துப் போயிருந்தாள். அம்மா படிக்கு வெளியே நின்று டப்பாவை நீட்டினாள்.

"உள்ள வாங்க அத்தே," என்றார் மாப்பிள்ளை. "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அம்மா அசையவில்லை. நான் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை வீறிட்டு அழுதது, தங்கை அதைத் தோளில் மாற்றிப் போட்டாள், தலை லேசாக ஆடியது.

"கயுத்துக்குக் கை குடுடி. இப்புடியா புடிப்பாங்க? கொண்டா இங்க," என்று டப்பாவை என் கையில் திணித்துவிட்டு அம்மா பாய்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். எந்தக் கால் முதலில் உள்ளே போனது என்று அம்மாவுக்கே தெரியாது. எங்களில் யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கும் கொஞ்சம் புத்தி உண்டு.

தங்கை டப்பா முழுவதையும் வெறும் சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள். பிறகு படுத்தவள்தான். பிள்ளையை அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். பால் கொடுக்கிற நேரத்துக்கு மட்டும் அவளை உசுப்பிவிட்டு மறுபடியும் தூங்க வைத்தாள்.

மறுநாள் காலையில் மணி அடித்தது. அம்மாதான் போய்க் கதவைத் திறந்தாள். தோளில் ஐஸ் பெட்டி மாட்டிய ஓர் ஆள். அம்மாவைத் தாண்டி, உள்ளே நின்ற தங்கையைப் பார்த்து நல்ல தமிழில் சொன்னான். "அக்கா, போன வாரம் வாங்கினீங்களே, அதே மாதிரி பால்சுறா வந்திருக்கு. தரட்டுமா?"

அம்மா மெதுவாகத் திரும்பினாள். தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற இன்னா சொன்னா நீ வந்துருப்பம்மா?"

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள். "போன வாரம் துன்னியே, பால் வந்துச்சா?"

"வரல."

"நேத்து துன்னதுக்கு?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அவள் நைட்டியின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. அதை நான் பார்ப்பதற்கு முன்பே அம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னாத்துக்கு நின்னுகினுகீற? போய்க் கொயந்தய எடு," என்று அவளிடம் சொல்லிவிட்டு, மீன்காரன் பக்கம் திரும்பி அவன் பெட்டிக்குள் கையை விட்டாள். "நாளைக்கும் கொண்டா. இன்னும் ஒரு மாசத்துக்கு நான் இங்கதான் கீறேன்."