பலெர்மோவில் பதக்கம் உரித்த போத்தல்கள்

1996 ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இத்தாலியின் தெற்கே தீவு நகரமான பலெர்மோவின் புகையிரத நிலையத்தில் இறங்கியதும் நான் ஊரைப் பார்க்கவில்லை. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே பதினெட்டு வைன் போத்தல்கள். மிலானில் முதல் நாள் மாலை ஏறி, ஓர் இரவும் ஒரு காலையும் கடந்து வந்திருந்தோம். தீவுக்குக் கடக்கும் நீரிணையில் ரயில் பெட்டிகளை அப்படியே கப்பலுக்குள் தள்ளி ஏற்றுகிறார்கள். எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடிக் கடலைப் பார்த்தார்கள். நான் போத்தல்களுக்குக் காவல் இருந்தேன்.

என்னோடு வந்தவர் மார்கிரெட். ஜெர்மனியில், மோசல் ஆற்றங்கரையில் நான் வேலை செய்யும் திராட்சைத் தோட்டத்தின் முதலாளி. ஐம்பது வயதைத் தொடுகிறவர். ஆற்றுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் கல் சரிவு ஒன்று அவருக்கு உண்டு. அங்கே உழவு இயந்திரம் ஏறாது, மனிதர்தான் ஏறவேண்டும். அந்த மனிதரில் நானும் ஒருவன். அச்சரிவில் விளையும் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில், துளியும் இனிப்பில்லாமல் அவர் செய்த வைனுக்கு அவர்கள் மாகாணப் போட்டியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. பதக்கம் சுவரில் தொங்கியது, வைன் நிலவறையில் கிடந்தது. ஜெர்மன் வைன் என்றால் இனிப்பு என்று வாங்குகிறவர்கள் எப்போதோ முடிவுகட்டிவிட்டார்கள். திராட்சை அறுவடைக்குள் வெளிநாட்டில் ஒரு வாடிக்கையாவது கிடைக்காவிட்டால் சரிவை விற்பது என்று தோட்டத்தில் பாதிப் பங்குள்ள அவருடைய தம்பி சொல்லிவிட்டார்.

என் மச்சான் அந்தோனி பலெர்மோவை அடுத்த மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு மீன் உணவகத்தில் சமையல்காரன். "முதலாளியோடை கதைச்சு வைக்கிறன், கூட்டிக்கொண்டு வா" என்று தொலைபேசியில் சொன்னான். அதை நம்பி மார்கிரெட்டை அழைத்து வந்தவன் நான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்கு ஒன்றும் புதிதல்ல.

நிலைய வாசலில் அந்தோனி நின்றான்.

"என்ன மச்சான், சிஞ்ஞோரா அம்மாவைப் பெட்டி இழுக்க விட்டிட்டு வெறுங்கையோடை வாறாய்?"

"நான் கேட்டனான். தரமாட்டன் எண்டுறா."

அவன் குடியிருக்கும் அல்பெர்கேரியா என்ற பகுதி, நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். கல் பாவிய ஒழுங்கைகளில் பெட்டியின் சில்லு தடதடக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு தடதடத்தது. பல்லரோ சந்தையில் வியாபாரிகள் பாட்டாகவே கூவினார்கள். ஒரு கடையில் வெண்டிக்காய் குவிந்திருந்தது. அதை மொரீசியஸ் தமிழ்ப் பெண் ஒருவர் ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்து வாங்கினார். வெயில் தலையைப் பிளந்தது. மோசலில் நாங்கள் வெயிலுக்குத் தவம் கிடக்கிறோம். இங்கே அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

நான்கு மணிக்கு, இரண்டே இரண்டு போத்தல்களை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு மொண்டெல்லோ போனோம். பேருந்துச் சீட்டு ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு லீரா. பதினொரு கிலோமீட்டர் தூரத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. உணவக முதலாளி கார்மெலோ பெருத்த மனிதர். வாசலில் கதிரை போட்டு, சட்டைப் பொத்தான்களைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மார்கிரெட் நீட்டிய போத்தலை அவர் கையில் வாங்கவே இல்லை. லேபலில் ஒட்டியிருந்த தங்க வட்டத்தைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற பரிசாரகர் சிரித்தார்.

மார்கிரெட்டுக்கும் எனக்கும் இத்தாலியன் தெரியாது, அந்தோனிக்கு ஜெர்மன் தெரியாது. ஆகவே எல்லாப் பேச்சும் தமிழ் வழியாகத்தான் போய் வரவேண்டும். அதனால் அவர்கள் பேசியதெல்லாம் எங்கள் தமிழிலேயே எனக்கு நினைவிருக்கிறது.

"பிறகு பாப்பம் எண்டுறார்" என்றான் அந்தோனி.

நான் அப்படியே சொன்னேன். மார்கிரெட் கார்மெலோவின் முகத்தைப் பார்த்தார்.

"அது 'பிறகு பாப்பம்' எண்ட முகமில்லை. சொன்னதைச் சொல்லச் சொல்லும்."

அந்தோனி பிடரியைச் சொறிந்தான். "ஜெர்மன் வைன் சீனித் தண்ணியாம். பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்குக் குடுக்கிற மாதிரி உங்கை எல்லாருக்கும் பதக்கம் குடுக்கிறவையாம். தனக்குத் தலைமயிர் வெட்டுறவனிட்டையும் ஒரு வெற்றிக் கோப்பை இருக்காம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முழங்கால் தேய அந்தச் சரிவில் ஏறி இறங்கியவன் நான். மார்கிரெட் கோபப்படவில்லை. நாளைக்கு எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டார். அதற்குள் கார்மெலோ எழுந்து உள்ளே போய்விட்டார்.

இரவு அந்தோனி வீட்டில் புட்டும் மீன் குழம்பும். சாப்பிட்டு முடிந்ததும் அவன் ஒரு யோசனை சொன்னான்.

"பதினொரு மணிக்கு வேலையாட்கள் எல்லாரும் ஒண்டாய்ச் சாப்பிடுவம், முதலாளியும் வருவார். கடை வைன் சாடியிலை இதை ஊத்தி வைப்பம். என்னெண்டு தெரியாமல் குடிக்கட்டும். நல்லாயிருக்கு எண்ட பிறகு சொல்லுவம்."

கெட்ட யோசனை இல்லை என்றுதான் எனக்கும் பட்டது. மார்கிரெட் தலையசைத்து மறுத்தார். "என்ரை பேரை மறைச்சு நான் ஒருத்தருக்கும் வைன் ஊத்தமாட்டன்."

பிறகு ஒரு போத்தலை மடியில் வைத்து, ஈரத் துணியால் அந்தத் தங்க வட்டத்தை நனைத்து, நகத்தால் உரிக்கத் தொடங்கினார். நான் பதறிப்போனேன். மாசிக் குளிரில் விரல் விறைக்க அவற்றை ஒவ்வொன்றாக ஒட்டியவன் நான். 

"என்ன செய்யிறியள்? எங்களிட்டை இருக்கிறதே உது ஒண்டுதான்!"

"பதக்கத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. நானும் எத்தினையோ பதக்க வைன் குடிச்சுத் துப்பியிருக்கிறன். குடிக்காமல் வைனைப் பற்றிச் சொன்னதுதான் பிழை. நீரும் ஒண்டை எடும்."

வேறு வழியில்லாமல் நானும் உரித்தேன்.

புதன்கிழமை காலை பல்லரோவில் ஒரு மீன்காரரிடம் ஒரு வாளி ஐஸ் வாங்கினேன். விலை இரண்டாயிரம் லீரா, மீன் செதில் இலவசம். அதற்குள் மூன்று போத்தல்களைப் புதைத்துக்கொண்டு மார்கிரெட்டும் நானும் பேருந்தில் ஏறினோம்; அந்தோனி விடியவே வேலைக்குப் போயிருந்தான். பாதி வழியில் வாளி கசிந்து முன் இருக்கைப் பெண்ணின் சப்பாத்தை நனைத்தது. அவர் மொண்டெல்லோ வரை எங்களைத் திட்டிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தையும் விளங்காவிட்டாலும், அதை எங்களுக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

சமையலறைக்குப் பின்னால் நீண்ட மேசை. நாங்கள் போனபோது எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கார்மெலோ எங்களைக் கண்டு முகம் சுளித்தார். ஆனால் சாப்பிடும் நேரத்தில் வந்தவரை நிற்கவைப்பது அந்தக் கடையில் வழக்கமில்லையாம். கையால் கதிரையைக் காட்டினார். பாண்தூளும் உலர்ந்த திராட்சையும் வைத்துச் சுருட்டிச் சுட்ட சூடை மீன் எங்கள் தட்டுக்கும் வந்தது. மார்கிரெட் நன்றி சொல்லிவிட்டு, லேபல் கார்மெலோவைப் பார்க்கும்படி போத்தலை மேசையில் வைத்துத் திறந்தார். முதலில் தனக்கு ஊற்றிக் குடித்தார், பிறகு அவருக்கு ஊற்றினார்.

உபசரிக்கிறவர் விருந்தாளி ஊற்றியதைத் தள்ள முடியாதே. கார்மெலோ ஒரு வாய் குடித்தார். மீனில் ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றார். மறுபடி குடித்தார்.  அந்தோனி மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினான். பிறகு கார்மெலோ கையை நீட்டிப் போத்தலை எடுத்து, தானே இரண்டாவது தடவை ஊற்றிக்கொண்டார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

"இனிப்பில்லை எண்டுறார், மச்சான்! மீனுக்குத் திறம் எண்டுறார்! அஞ்சு பெட்டி கேக்கிறார்!"

பெட்டிக்குப் பன்னிரண்டு, மொத்தம் அறுபது போத்தல். நான் மார்கிரெட்டிடம் சொல்லி முடிப்பதற்குள் கார்மெலோ லேபலைத் தடவிப் பார்த்து இன்னொன்று கேட்டார்.

"நேற்று இருந்த பதக்கம் எங்கையாம்? அதை ஒட்டி அனுப்பட்டாம். வாடிக்கையாளர் அதைத்தானாம் பாப்பினம்."

நேற்று அதைக் காட்டிச் சிரித்த அதே மனிதர்! மார்கிரெட் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்.

"பதக்கமில்லாமல் குடிச்சவர், பதக்கமில்லாமலே விக்கட்டும். சொல்லும்."

நான் அந்தோனியிடம் சொன்னேன். அவன் வெளிறிப்போனான். "உதை நான் சொல்லமாட்டன். கையிலை வந்ததைக் கெடுக்காதையுங்கோ. ஓம் எண்டு சொல்லச் சொல்லு."

ஒரு வார்த்தை ஓம் என்றால் சரிவு தப்பும். நானும் கெஞ்சினேன். "சொல்லும்" என்றார் மார்கிரெட், அதே குரலில். அந்தோனி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சொன்னான்.

கார்மெலோ போத்தலைத் தன் பக்கம் திருப்பினார். வட்டம் இருந்த இடத்தில் காகிதம் சொரசொரத்துக் கிடந்தது. அதைப் பெருவிரலால் ஒருதரம் தேய்த்தார்.

"அப்ப பத்துப் பெட்டியாம்" என்றான் அந்தோனி, நம்பமுடியாமல். "இந்த மனிசி சொன்னதைத்தான் நானும் வாடிக்கையாளருக்குச் சொல்லப்போறன் எண்டுறார்."

வியாழன் மாலை ரயில் புறப்பட்டது. கடலுக்கு இந்தப் பக்கம் வெயில் கொட்டிக்கிடக்க, மழையும் மூட்டமும் உள்ள ஊருக்கு நாங்கள் அவசரப்பட்டுத் திரும்பினோம். இம்முறை மேல்தளத்தில் நின்று ஆசைதீரக் கடலைப் பார்த்தேன்.

வெயிலில் வைனை அனுப்பமாட்டேன் என்று மார்கிரெட் சொன்னதால், புரட்டாதி முடியத்தான் பெட்டி கட்டினோம். அந்த வாரமே அறுவடை தொடங்கியது. சரிவை விற்கக் காத்திருந்த தம்பி கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களோடு மேலே ஏறினார். பின்னேரங்களில் நான் நிலவறையில் லேபல் ஒட்டினேன். ஒவ்வொரு போத்தலுக்கும் என் கை பழக்க தோஷத்தில் தங்க வட்டங்கள் கிடக்கும் மேசை லாச்சிக்குப் போனது. கடைசியில் அந்த லாச்சியைப் பூட்டித் திறப்பை மார்கிரெட்டிடம் கொடுத்துவிட்டேன்.