கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம்

துபாயிலிருந்து லீவில் வந்த தம்பி புதுக் கார் வாங்கினான். வெயிலுக்கு அதன் அடியில் படுத்திருந்த எங்கள் வீட்டு நாய், பூனையைக் கண்டு பாய்ந்தபோது கதவை நகத்தால் கீறிவிட்டது. அவ்வளவுதான். வருஷக்கணக்காக எங்கள் வயலில் ஆடு மாட்டை விரட்டிய நாய் அது.

"கொள்ளிடத்தத் தாண்டி விட்டுட்டாப் போதும். மோப்பம் அறுந்துடும், திரும்பி வராது" என்றார் அப்பா. எங்கள் பக்கத்தில் வேண்டாத நாய் பூனைக்கெல்லாம் இதுதான் வழி. அடித்துக் கொன்றால் பாவமாம். இது பாவமில்லையாம்.

நான் கூப்பிட்டால்தான் ஏறும் என்றார்கள். முடியாது என்றேன். தம்பி பிஸ்கட்டைக் காட்டினான். ஒரு நாளும் காருக்குள் விடாதவர்கள் கூப்பிட்டதில் அது வாலாட்டிக்கொண்டு ஏறியது. எப்படியாவது திருப்பிக் கொண்டுவந்துவிடலாம் என்று நானும் பின்சீட்டில் ஏறினேன். அப்பா முன்னால் உட்கார்ந்தார்.

பாலம் தாண்டியதும் தம்பி இறங்கிப் பின்கதவைத் திறந்து, பிஸ்கட்டைப் புதரில் வீசினான். நாய் குதித்தது. கதவைச் சாத்திவிட்டு வண்டியைத் திருப்பினான். நான் இறங்கப் பார்த்தேன். கதவைப் பூட்டியிருந்தான்.

"நிறுத்துடா! பின்னாடியே ஓடி வருதுடா!"

"வரட்டும். உடம்பு எளைக்கும்" என்று சிரித்தான்.

"கும்பகோணத்துல காபித்தூள் கடைய மூடிடப் போறான், சீக்கிரம் போப்பா" என்றார் அப்பா.

பாதிப் பாலம் வரை ஓடி வந்தது. நடுவில் ஒரு லாரி நுழைந்தது. லாரி விலகியபோது நாயைக் காணோம். நான் பின்கண்ணாடியை உள்ளங்கையால் அடித்துக் கத்தினேன்.

"யக்கா, தட்டாத. கண்ணாடி அழுக்காவுது" என்றான்.